பால் தந்த மரத்தின் வெண்பலகை

கோவில் திருவிழா நெருங்கும் நாள்களில், தளவாடக் கடைகளில் சாமி மேடை தேடி வரும் குடும்பங்களைக் காணலாம். செம்பழுப்பு வண்ணத்தில் பளபளக்கும் அம்மேடைகளைப் பார்ப்போர் தேக்கு என்றே பெரும்பாலும் எண்ணுவர். விற்பவரும் மரத்தின் பெயரை வலியச் சொல்வதில்லை. ஆயினும், மேடையைச் சற்றே சாய்த்துச் சாயம் படாத அடிப்புறத்தை நோக்கினால், பல மேடைகளில் வேறொரு மரம் கண்ணில் படும். பாலாடை போன்ற வெளிர்மஞ்சள். ஆங்காங்கே இளஞ்சிவப்புச் சாயல். ஊசி முனையால் கீறினாற்போன்ற குறுங்கோடுகள். அதுதான் ரப்பர் மரம்.

தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் அதனைப் பால்மரம் என்றே அழைத்தனர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாகச் சென்று அதன் பட்டையைச் சீவிய மக்கள் மூன்று நான்கு தலைமுறைகளாக அம்மரத்தோடு ஒட்டி வாழ்ந்தனர். பால் எப்போது பெருகும், எப்போது வற்றும், மங்கில் மழைநீர் விழுந்தால் எவ்வளவு வீணாகும் என்பதையெல்லாம் அவர்கள் நன்கறிவர். பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது விறகு" என்பதே விடையாக இருந்தது. அன்று அவ்விடை பிழையானதும் அன்று. அதே விறகுதான் பின்னாளில் மேசையாகவும் நாற்காலியாகவும் கட்டிலாகவும் உருமாறி, மலேசியாவின் மரத் தளவாட ஏற்றுமதியில் பெரும்பங்கைத் தன்னுடையதாக்கிக் கொண்டது.

கத்தியின் நுனியில் இருந்த பலகை

அமேசான் காடுகளில் பிறந்த இம்மரத்தின் விதைகளில் ஏறத்தாழ 70,000-ஐ, 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன; அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1896-ஆம் ஆண்டு மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். இவ்வரலாறு பள்ளிப் பாடநூல்களிலேயே உள்ளது.

பாடநூல்கள் அதிகம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி, பால் எடுக்கும் முறையையே மாற்றியமைத்தார். பிரேசில் காடுகளில் கோடரியால் மரத்தை வெட்டிப் பால் எடுப்பது வழக்கம். மரம் புண்பட்டு நலியும். ரிட்லி வகுத்த முறையிலோ, ஒரே வெட்டுக்கோட்டின் ஓரத்தில் பட்டையை மிக மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் வடிக்க வேண்டும். பால் ஊறும் குழல்கள் பட்டையில்தான் உள்ளன, கட்டையில் இல்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, புதுப்பட்டையையும் புதுக்கட்டையையும் ஈன்று தரும் வளர்படலம் ஒன்று உள்ளது. கத்தி அதைத் தொடாமல், ஆனால் அதற்கு மிக அருகில் செல்ல வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரத்தில் காயம் விழும்.

ஒரு முறை சீவும் பட்டையின் கனம் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லி மீட்டர் மட்டுமே. இருள் பிரியாத வேளையில், விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களை அடுத்தடுத்துச் சீவும் கை இந்த அளவைத் தவறவிடக் கூடாது. காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அதற்குப் பின் அவ்விடத்தில் ஒழுங்காகக் கத்தி ஓடாது. கங்காணியும் கிராணியும் மரத்துக்கு மரம் நின்று காயத்தைத் தேடியது பாலை எண்ணியேயாகும். எனினும், அந்தக் காயம் கட்டையிலும் பதிந்துவிடுகிறது. பால்வெட்டு நடக்கும் பகுதி தரையிலிருந்து ஆள் உயரம் வரை உள்ள அடிமரம். பருமனும் நேர்மையும் மிகுந்து, தச்சனுக்கு மிகவும் வேண்டப்படுவதும் அதே பகுதிதான். காயம் மிகுந்த மரத்தின் அடித்துண்டில் நிறம் கெட்டு, நார் முறுக்கி, பலகை பாழாகும். துப்புரவாகச் சீவப்பட்ட மரம் துப்புரவான பலகையைத் தரும். இன்று கடையில் மாசுமருவற்று ஒளிரும் வெண்பலகையில், பெயர் தெரியாத ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் கைத்திறனும் அடங்கியுள்ளது என்றால் மிகையாகாது.

விறகாய் எரிந்த காலம்

பால்மரத்தில் பால்வெட்டு ஐந்தாம் ஆண்டுக்கும் ஏழாம் ஆண்டுக்கும் இடையே தொடங்கும். 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். வீழ்த்துவதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில், மரத்தின் மேலும் கீழும் பல இடங்களில் சீவி, எஞ்சியிருக்கும் பாலையெல்லாம் வடித்தெடுப்பர். பிறகு மறுநடவு. நெடுங்காலம் வரை, அவ்வாறு சாய்ந்த மரங்கள் தோட்டத்திலேயே குவித்து எரிக்கப்பட்டன. லயத்து அடுப்புகளில் சோறு பொங்கியதும் இவ்விறகால்தான். ரப்பர் தாள்களைப் பழுப்பேற்றும் புகைக்கூடங்களிலும் அதுவே எரிந்தது. தன் பாலைத் தன் கட்டையின் புகையிலேயே உலர்த்திக் கொடுத்த மரம் வேறு உண்டா என்பது ஐயமே.

1960களில் பிறை நகரில் தொடங்கப்பட்ட மலாயாவாத்தா எஃகு ஆலை, தன் ஊதுலைக்கு ரப்பர் மரக் கரியைப் பயன்படுத்தியது. நிலக்கரிக்குப் பதிலாக மரக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிய அவ்வாலைக்காகத் தோட்டங்களின் முதுமரங்கள் கரிச்சூளைகளுக்குச் சென்றன. அன்றைய நிலையில் அதனினும் மேலான பயன் அம்மரத்துக்கு இருப்பதாக எவரும் கருதவில்லை. மலேசியக் காடுகளில் செங்கால், மெராந்தி போன்ற மரங்கள் மலிந்திருந்தபோது, குட்டையாகவும் வளைந்தும் வளரும் தோட்டத்து மரத்தை யார் நாடுவர்?

வைரம் பாயாத குறை

மதிக்கப்படாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. வெட்டிப் போட்ட ரப்பர் மரம் மிக விரைவில் கெட்டுப்போகும். சில நாள்களிலேயே கட்டையில் நீலக்கறை படரும். அது ஒருவகைப் பூஞ்சணத்தின் வேலை. அடுத்து வண்டுகள் நுண்துளையிட்டு நுழையும். மாவு போன்ற துகளை உதிர்க்கும் அவ்வண்டுகள், உலர்ந்த பலகையையும் விட்டுவைப்பதில்லை. கரையானுக்கும் அது விருந்து. இதன் காரணம் மரத்தின் உள்ளேயே உள்ளது. ஆண்டுக்கணக்கில் பால் சுரக்க வேண்டிய மரம் தன் கட்டையில் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அதுவே உணவு.

தேக்கிலும் செங்காலிலும் நடுமரம் வைரம் பாய்ந்து, நிறம் ஏறி, பூச்சிகளை அண்டவிடாத பொருள்களைத் தன்னுள் கொண்டிருக்கும். ரப்பர் மரத்திலோ நடுமரத்துக்கும் புறமரத்துக்கும் வேறுபாடே தெரியாது. முழுவதும் ஒரே வெளிர்நிறம். தமிழில் வெளிறு என்ற சொல் வெண்மையையும் குறிக்கும், மரத்தில் வைரமின்மையையும் குறிக்கும். அந்த ஒரு சொல்லில் இம்மரத்தின் அழகும் குறையும் சேர்ந்தே நிற்கின்றன.

இக்குறையைத் தீர்க்கும் வழியைக் கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்தார் போன்ற ஆய்வாளர்கள் தேடினர். கண்டறிந்த முறை இன்றும் ஆலைகளில் பின்பற்றப்படுகிறது. வீழ்த்திய மரம் ஓரிரு நாள்களுக்குள் ஆலையை அடைந்து பலகையாக அறுபட வேண்டும். தாமதித்தால் கறை உள்ளே இறங்கிவிடும். அறுத்த பலகைகளை நீண்ட இரும்பு உருளைக்குள் அடுக்கி, கதவை அடைத்து, முதலில் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவர். பின்னர் வெண்காரம், போரிக் அமிலம் ஆகியவற்றைக் கரைத்த நீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவர். காற்று வெளியேறிய நுண்குழல்களுக்குள் அம்மருந்து நீர் ஊடுருவிப் பாயும். அதன்பின் பலகைகள் வெப்ப அறையில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை மெல்ல மெல்ல உலர்த்தப்படும். அவசரப்பட்டு உலர்த்தினால் பலகை முறுக்கிக்கொள்ளும். ரப்பர் மரத்தில் இழுவிசைக்கு உட்பட்டு வளர்ந்த நார்ப்பகுதிகள் மிகுதி. காற்றில் சாய்ந்து நிமிர்ந்த மரங்களில் இன்னும் மிகுதி. அப்பகுதிகளே பலகை வளைவதற்கும், இழைக்கும்போது பஞ்சு போலப் பிசிறு எழுவதற்கும் காரணமாகின்றன.

அறுக்கும் தொழிலாளர்களின் துன்பமும் சிறிதன்று. பட்டையில் எஞ்சிய பால் வாளின் பற்களில் ஒட்டிப் பசையாக இறுகும். அடிக்கடி வாளை நிறுத்தித் துடைத்தாக வேண்டும். கட்டைகளோ 2 மீட்டருக்கும் குறைந்த நீளத்தில் துண்டுபோட்டவை, பருமனும் பெரிதன்று. முடிச்சையும் காயத்தையும் கறையையும் ஒதுக்கியபின், ஆலைக்குள் வந்த மரத்தில் மூன்றில் ஒரு பங்கு பலகையாகத் தேறினாலே பெரிது. கழிவு வீணாவதில்லை, உலர்த்தும் அறைக்கு வெப்பம் தரும் கொதிகலனில் ஒரு பகுதி எரிகிறது, மற்றொரு பகுதி அரைபட்டு மரநார்ப் பலகையாகிறது.

தச்சன் விரும்பும் மரம்

இத்தனை தொல்லைக்கும் ஈடாக அது தருவது என்ன? உலர்ந்த ரப்பர் மரத்தின் எடை கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோகிராம் வரை. தேக்கின் எடையும் ஏறத்தாழ இதே அளவினது. மலேசிய மரத்தொழில் வகைப்பாட்டில் இது இலகு வன்மரம். முறையாக உலர்த்தியபின் சுருங்குவதும் விரிவதும் குறைவு. எனவே மேசையின் மேற்பலகையும் இழுப்பறையும் பருவத்துக்குப் பருவம் இறுகுவதும் தளர்வதும் மிகுதியாக இரா. நார் பெரும்பாலும் நேராக ஓடும். வாளுக்கும் இழைப்புளிக்கும் இணங்கும். கடைசலில் வழவழப்பாகத் திரளும். தொட்டிற்கால், நாற்காலிக் கம்பி, படிக்கட்டுத் தூண் ஆகியவற்றைக் கடைவோர் இதனை விரும்புவதற்கு அதுவே காரணம். பசை நன்கு பிடிக்கும். ஆணி அடிக்கும்போது மட்டும் விளிம்பில் பிளக்கும் இயல்பு உண்டு. முன்கூட்டித் துளையிட்டுத் திருகாணி முடுக்குவதே பட்டறிவுள்ள தச்சர் வழக்கம்.

மரம் குட்டையானது என்ற குறையைப் பசையின் துணையால் வென்றனர். சிறு துண்டுகளின் முனைகளை, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் பல் பல்லாக வெட்டி ஒன்றில் ஒன்றைச் செருகி ஒட்டுவர். அவ்வாறு நீண்ட சட்டங்களைப் பக்கவாட்டில் அடுக்கி ஒட்டினால் எவ்வளவு அகலமான பலகையும் கிட்டும். சாப்பாட்டு மேசையின் மேற்பரப்பைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, இரண்டு விரற்கடை அகலச் சட்டங்கள் அணிவகுத்து நிற்பதும், ஆங்காங்கே பல்வடிவப் பொருத்து தென்படுவதும் புலனாகும். அதைக் கண்டு ஒட்டுப்பலகை என்று இகழ வேண்டியதில்லை. ஒரே அகலப் பலகை வளையும். பல சட்டங்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்.

எல்லாவற்றினும் மேலாக வணிகர்களைக் கவர்ந்தது அதன் வெளிர்நிறமே. வெண்மையான மரத்துக்கு எந்தச் சாயமும் ஏறும். ஒரே ஆலையில், ஒரே பலகை, தேக்கு நிறத்திலும் வாதுமை மர நிறத்திலும் செர்ரி மர நிறத்திலும் வெளிவருகிறது. வெளிநாட்டுக் கடைகளில் இதற்கு மலேசிய ஓக் என்றும் பெயர் சூட்டப்பட்டது. ஓக் மரத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானியர் இதனை விரும்பி வாங்கத் தொடங்கினர். அதுவரை வெளிர்மரம் என்றால் சதுப்புக் காட்டு ராமின் மரமே சந்தையில் முன்னின்றது. ராமின் அருகி, 2005-ஆம் ஆண்டு முதல் அதன் அனைத்துலக வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காட்டை அழிக்காமல் கிடைக்கும் தோட்டத்து மரம் என்ற பெயரும் ரப்பர் மரத்துக்குச் சேர்ந்தது. ஜொகூரின் மூவார் வட்டாரம் தளவாடத் தொழிலின் தலைநகராக வளர்ந்ததில் இம்மரத்தின் பங்கு பெரிது. சமையலறை வெட்டுப்பலகை, பரிமாறும் தட்டு, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று சிறு பொருள்களிலும் அது நிறைந்துள்ளது.

மரம் சாய்ந்தபோது

இந்த வளர்ச்சியின் காலத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ரப்பர் மரப் பலகைக்கு உலகச் சந்தையில் மதிப்பு உயர்ந்த 1980களும் 1990களும்தாம், தோட்டத் தமிழர் தோட்டங்களை விட்டுப் பெருமளவில் வெளியேறிய ஆண்டுகள். முன்பெல்லாம் முதுமரம் சாய்ந்தால் அதே மண்ணில் இளங்கன்று நடப்படும். கன்று வளரும்வரை குடும்பங்கள் வேறு நிரைக்கு மாறும். பின்னர் சாய்ந்த மரத்தின் இடத்தில் செம்பனை வந்தது. நகரை அடுத்த இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயங்கள் காலியாயின. பாட்டாளிகள் தம் சம்பளத்திலிருந்து வரிந்து கட்டிய மாரியம்மன் கோவில்கள் பலவற்றுக்கு நிலப்பட்டா இல்லை. சில இடம் மாறின, சில இடிபட்டன. வேறு சிலவற்றுக்குத் தோட்டமே மறைந்த பின்னரும், ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் பழைய குடும்பங்கள் ஊர் ஊராக இருந்து வந்து கூடுகின்றன.

மரம் விற்ற பணம் தோட்ட முதலாளிக்கும் மரக் குத்தகைதாரருக்கும் உரியது. பால்வெட்டுத் தொழிலாளியின் ஊதியம் நாள் கணக்கும் பாலின் எடையும் சார்ந்தது. அவர் 25 ஆண்டு காத்த அடிமரத்துக்கு அக்கணக்கில் இடமில்லை. இதை எவர் தனியாகச் செய்த வஞ்சனை என்றும் கூற இயலாது. தொழில் அமைந்த முறையே அத்தகையது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டு தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கி அவர்களையே பங்குதாரர்களாக்க முனைந்தது. அம்முயற்சி பரவிய அளவுக்கே, மண்ணிலும் மரத்திலும் பாட்டாளிக்குப் பங்கு கிட்டியது.

பலகை ஆலைகளுக்கும் அதன் விளைவு வந்து சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டராக இருந்த மலேசிய ரப்பர் பரப்பு பின்னாளில் ஏறத்தாழ 11 லட்சம் ஹெக்டராகச் சுருங்கிற்று. எஞ்சிய பரப்பில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களின் கையில் உள்ளது. ரப்பர் விலை சரிந்தால் அவர்கள் பால் வெட்டுவதை நிறுத்துவர். மரத்தை வீழ்த்தி மறுநடவு செய்வதையும் தள்ளிப்போடுவர். அறுப்பதற்கு மரமின்றி ஆலைகள் தவித்ததால், 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் அறுத்த ரப்பர் பலகைகளின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. ரப்பர் ஆய்வுக் கழகத்தார் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசைக் கன்றுகள் பாலும் மரமும் ஒருங்கே தரும் நோக்குடையவை. முந்தைய வகைகளைவிட அடிமரம் விரைந்து பருக்கும். பாலுக்காகவே வளர்க்கப்பட்ட மரம், பலகைக்காகவும் வளர்க்கப்படும் நிலை இவ்வாறு வந்தது.

சாமி மேடை வாங்குவோர்க்கு

கொடிமரம், தேர் போன்றவற்றுக்கு ரப்பர் மரத்தை எவரும் கொள்வதில்லை; கொள்ளவும் கூடாது. மழையும் வெயிலும் மண்ணின் ஈரமும் படும் இடத்தில் அது நில்லாது. உள்ளே ஏற்றிய வெண்கார மருந்து நீரில் கரையும் இயல்புடையது. ஈரம் படப்பட மருந்து வடிந்து, மரம் பழையபடி பூச்சிக்கு இரையாகிவிடும். ஆகவே, வாசல் ஓரத்திலோ திறந்த வெளியிலோ அமைக்கும் மேடைக்குச் செங்கால் போன்ற வன்மரமோ கல்லோ பொருத்தம். வீட்டுக்குள் வைக்கும் மேடைக்கு ரப்பர் மரம் முற்றிலும் தகும். விலையும் தேக்கைவிடக் குறைவு.

வாங்குமுன் அடிப்புறத்தையும் பின்புறத்தையும் பார்த்துக்கொள்வது நன்று. நீலச்சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தால் மரம் தாமதமாக அறுக்கப்பட்டது என்று பொருள். வலிமை பெரிதும் குறையாவிடினும் விலையைக் குறைத்துக் கேட்கலாம். குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தென்பட்டால் அந்த மேடையை விட்டுவிடுவதே அறிவுடைமை. மருந்தேற்றி உலர்த்திய மரமா என்று கடைக்காரரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சாயமும் மெருகும் முன்பக்கம் மட்டுமன்றி எல்லாப் பக்கமும் பூசப்பட்டிருப்பின் மேலும் சிறப்பு. ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை, பூசாத பக்கத்தின் வழியே ஈரத்தைக் குடித்து வளையும்.

வீட்டில் விளக்கையும் கற்பூரத் தட்டையும் பலகையின்மேல் நேராக வைக்காமல் பித்தளைத் தாம்பாளத்தின்மேல் வைக்க வேண்டும். அபிடேக நீர் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்றோட்டம் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் தரையை நீரூற்றிக் கழுவும் வீடுகளில் மேடையின் கால்களே முதலில் ஈரம் குடிக்கும். அவற்றின் அடியில் ரப்பர் வில்லைகளை ஒட்டிவிட்டால் அக்கவலை தீரும்.